படியில் அளக்கிற மருந்து, தராசில் நிறுக்கிற மருந்து

டெக்சாஸில் இருக்கும் அக்கா மகன் போன ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டான். இங்கே ராத்திரி ஒன்பது மணி. முகப்பில் ஈசிசேரைப் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"அம்மான், ஒரு வின்செஸ்டர் ரைபிள் வாங்கிட்டேன். 1873 மாடல், .44-40 தோட்டா போடுறது. நம்பரைப் போட்டுப் பாத்தா 1880கள்ல செஞ்சதுன்னு வருது. கூடவே ஒரு .45 கோல்ட் ரிவால்வர். அது புதுசு, பழசு மாதிரியே இத்தாலில செஞ்சது. ரெண்டுக்கும் நானே தோட்டா நிரப்பப் போறேன். எந்த வெடிமருந்து நல்ல மருந்து?"

போனில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை, எழுதுகிறேன், அதுவரை ஒன்றும் வாங்காதே என்றேன். அவனுக்கு எழுத உட்கார்ந்தது நீண்டுவிட்டது. அவனைப் போல வெளிநாட்டில் இருந்துகொண்டு பழைய துப்பாக்கிகளின் மேல் ஆசை வைத்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் இன்னும் சிலர் இருப்பார்கள் என்பதால் இங்கேயே போடுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டிய வேலை. நான் தோட்டா நிரப்பியதெல்லாம் ஒஹாயோவில், ஒரு வால்வு தொழிற்சாலையில் வேலை பார்த்த 19 வருஷங்களில்தான். கண்டனூருக்குத் திரும்பி வந்த பிறகு ஒரு தோட்டாகூட நிரப்பியதில்லை. இங்கே இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கையை வைத்துவிடாதீர்கள்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது அப்பத்தாவின் ஊசிக்கூட்டால். எங்கள் வீட்டுப் பெட்டகத்தில், தாலிக்கயிறு மஞ்சள் டப்பாவுக்குப் பக்கத்தில், ஒரு பித்தளைக் கூடு இருந்தது. அடிப்பக்கம் கட்டைவிரல் அகலம், மேலே தோள் வைத்து ஒடுங்கிச் சுண்டுவிரல் நுழைகிற வாய். வாயில் ஒரு தக்கை. உள்ளே ஊசிகள். ஐயா பர்மாவில் இருந்த மோல்மேன் கடையிலிருந்து ஊர் திரும்பியபோது சாமான்களோடு வந்தது என்பார்கள். அது சுட்டு முடித்த தோட்டாக்கூடு என்று எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். எதனுடையது என்று தெரியாது. அப்பத்தா காலத்துக்குப் பிறகு ஞாபகத்துக்காக அதை ஒஹாயோவுக்கு எடுத்துப் போனேன்.

அங்கே பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர். எழுபதைத் தாண்டியவர், ஐம்பது வருஷமாகத் தோட்டா நிரப்புகிறவர். என் மேசையில் அந்தக் கூட்டைப் பார்த்ததும் கையில் எடுத்துத் திருப்பி, "மார்ட்டினி ஹென்றி" என்றார். 1871இல் பிரிட்டிஷ் ராணுவம் எடுத்துக்கொண்ட ரைபிள். அதன் தோட்டாவுக்கு .577/450 என்று பெயர். 85 கிரெய்ன் கரிமருந்து, அதாவது அந்தக் காலத்துக் கறுப்பு வெடிமருந்து; 480 கிரெய்ன் ஈயக்குண்டு.

கிரெய்ன் என்றால் நம் ஊர் ஆட்களுக்குச் சட்டென்று பிடிபடாது. பவுன் கணக்கில் சொன்னால் பிடிபடும். ஒரு சவரன் 123 கிரெய்னுக்குக் கொஞ்சம் கூடுதல். ஆக, 85 கிரெய்ன் மருந்து என்பது முக்கால் சவரனுக்குச் சற்றுக் குறைவு. அந்தக் குண்டு நாலு சவரனுக்குச் சற்றுக் குறைவு. குன்றிமணியில் சொன்னால் ஒரு மணி ஏறக்குறைய இரண்டு கிரெய்ன்.

பெரியவர் ஊசிகளை ஒரு தட்டில் கொட்டச் சொன்னார். கூட்டைத் துடைத்துவிட்டு, தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த கரிமருந்தை 85 கிரெய்ன் நிறுத்து ஒரு சின்னப் புனல் வழியாகச் சொரிந்தார். கறுப்புக் கடுகு மாதிரிப் பளபளவென்று இறங்கிக் கழுத்து வரை வந்து நின்றது. அதைத் திரும்ப டப்பாவில் கொட்டிவிட்டு, அதே குண்டை அதே வேகத்தில் தள்ளக்கூடிய அளவுக்குப் புகையில்லா மருந்தை எடுத்துப் போட்டார். கூட்டின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அப்படியே கிடைமட்டமாகச் சாய்த்து என் காதருகே ஆட்டினார். சலசல என்று ஓடுகிற சத்தம் கேட்டது. "இந்தச் சத்தம்தான் பிரச்சினை" என்றார்.

பழைய தோட்டாவுக்கு மருந்து தேர்ந்தெடுப்பதில் நான் கற்றது பெரும்பாலும் அந்தச் சத்தத்துக்குள் இருக்கிறது. வேகம் எவ்வளவு, விலை எவ்வளவு, எந்தக் கம்பெனி என்பதெல்லாம் அப்புறம். மருந்து கூட்டை நிரப்புகிறதா, அந்தத் துப்பாக்கி அழுத்தத்தைத் தாங்குமா, இந்த இரண்டும்தான் முதல் கேள்விகள்.

ஏன் அவ்வளவு பெரிய கூடு? கரிமருந்துக்காகச் செய்தார்கள். .44-40 தோட்டா 1873இல் வந்தபோது அந்த 40 என்பதே 40 கிரெய்ன் கரிமருந்தைக் குறித்தது. அதே ஆண்டில் வந்த .45 கோல்ட்டுக்கும் 40 கிரெய்ன். .45-70 ரைபிள் தோட்டாவுக்கு 70. எல்லாமே வாய் வரை மருந்து ஏறி, அதன் மேல் குண்டு அழுந்தி உட்காருகிற அளவுக் கூடுகள். கரிமருந்துக்கும் குண்டுக்கும் நடுவே காலி இடம் விடவே கூடாது. விட்டால் குழலோ, தோட்டா உட்காருகிற அறையோ வளையமாகப் புடைத்துவிடும். அதனால் அந்தக் காலத்தில் காலி இடம் என்ற பேச்சே எழவில்லை.

பிறகு 1884இல் பால் வியேல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார். இரண்டே வருஷத்தில் பிரெஞ்சு ராணுவத்தின் லெபெல் ரைபிள் வந்தது. 1889இல் இங்கிலாந்தில் ஏபெலும் டுவாரும் கார்டைட் செய்தார்கள். நம் நீலகிரியில் அருவங்காட்டில் இருக்கிற வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு இன்றைக்கும் கார்டைட் ஃபேக்டரி என்றுதான் பெயர். ஊட்டி ரயிலில் போகிறபோது அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்தவர்கள், அது ஒரு மருந்தின் பெயர் என்று நினைத்திருக்க மாட்டார்கள். சேமியா மாதிரி நீள நீளக் கயிறாக இருக்கும் என்பதால் அந்தப் பெயர். கயிற்றுக்கு ஆங்கிலத்தில் கார்டு. .303 ரைபிள் 1888இல் கரிமருந்தோடுதான் பிறந்தது, அழுத்திய கட்டியாக 70 கிரெய்ன். கார்டைட் வந்ததும் ஏறக்குறைய 31 கிரெய்ன் போதுமானதாகிவிட்டது. பாதிக்கும் குறைவு, வேகமோ கூடுதல்.

அன்றைக்குத் தொடங்கியதுதான் காலி இடத்தின் கதை. இதை பிரிட்டிஷ் ராணுவத்தின் வெப்லி ரிவால்வரின் .455 தோட்டாவில் கண்ணால் பார்க்கலாம். கரிமருந்துக்காகச் செய்த கூட்டில் 1894இல் கார்டைட் போட்டார்கள். கூட்டுக்குள் இடம் அதிகம், மருந்து கொஞ்சம், எரிவது சீராக இல்லை. 1897இல் கூட்டையே வெட்டிக் குட்டையாக்கினார்கள். ஒரு சாம்ராஜ்யத்தின் ராணுவம், மருந்து கூட்டுக்குப் பொருந்தவில்லை என்று கூட்டை மாற்றியது. நமக்கு அந்த வசதி கிடையாது. வின்செஸ்டரின் அறை .44-40 கூட்டுக்குக் கடைந்தது. ஆகவே நாம் மருந்தைத்தான் மாற்ற வேண்டும்.

இனி எரிகிற விதம். கரிமருந்து திறந்த வெளியில் பற்ற வைத்தாலும் குபீர் என்று போகும், அடைத்து வைத்தாலும் ஏறக்குறைய அதே சுபாவத்தோடு போகும். அழுத்தம் ஏற ஏற அதன் வேகம் பெரிதாக ஏறாது. புகையில்லா மருந்து அப்படி இல்லை. திறந்த தட்டில் வைத்துக் கொளுத்தினால் சாவகாசமாக மஞ்சள் தீயாக எரியும். கூட்டுக்குள் அடைத்துவிட்டால், அழுத்தம் ஏற ஏற வேகமாக எரியும். வேகமாக எரிவதால் அழுத்தம் இன்னும் ஏறும். ஒன்றையொன்று ஏற்றிவிட்டுக்கொண்டே போகும். அதனால் கரிமருந்தில் கொஞ்சம் கூடக் குறைய இருந்தால் குண்டு கொஞ்சம் மேலே கீழே போகும், அவ்வளவுதான். புகையில்லா மருந்தில் கூடிப்போனால் துப்பாக்கி போகும், கையும் போகலாம்.

அப்பத்தா நெல்லைப் படியில் அளப்பார். தலை தட்டினாலும் கும்பமாக விட்டாலும் குடும்பத்துக்கு ஒன்றும் ஆகிவிடாது. அதே அப்பத்தா நகையை எடுத்தால் ஆசாரியின் தராசு வர வேண்டும், குன்றிமணி வர வேண்டும். கரிமருந்து நெல். முகத்தல் அளவை அதற்குப் போதும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடை ஒன்றில் தாமிரத்தில் ஒரு மருந்துக் குடுவை பார்த்தேன். அதன் மூக்கே அளவைதான். விரலால் மூக்கை மூடிக் கவிழ்த்து, அடியில் இருக்கிற தாழை அழுத்தி விட்டுவிட்டு நிமிர்த்தினால் ஒரு வேட்டுக்கு உண்டான மருந்து அதில் நிற்கும். புகையில்லா மருந்து பொன். அதை நிறுத்துத்தான் போட வேண்டும்.

இந்த இரண்டு அளவையையும் குழப்பியதால் பல பழைய துப்பாக்கிகள் வெடித்திருக்கின்றன. நடுவே ஒரு காலத்தில், கரிமருந்தின் படியிலேயே அளந்து போடக்கூடிய பருமனான புகையில்லா மருந்துகளும் விற்றன. 1864இல் வந்த ஷூல்ட்சே மருந்து இந்த வகைக்கு முன்னோடி. மரத்தைப் பதப்படுத்திச் செய்தது. பழைய புத்தகத்தில் "கரிமருந்துக்குச் சமமான கொள்ளளவு போடவும்" என்று இருந்தால் அது அந்த மருந்துகளைப் பற்றியது. அவை இன்று இல்லை. அந்த வரியைப் படித்துவிட்டு இன்றைய புகையில்லா மருந்தை அதே படியில் அள்ளிப் போட்டால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. மருமகனே, பழைய புத்தகங்களைச் சரித்திரத்துக்காகப் படி. அளவுக்கு, இன்றைக்கு அந்த மருந்தைச் செய்கிற கம்பெனி இன்றைக்கு வெளியிட்டிருக்கும் அட்டவணையை மட்டும் பார். இந்தப் பதிவில் எந்தப் புகையில்லா மருந்துக்கும் நான் அளவு சொல்லவில்லை, வேண்டுமென்றேதான்.

காலி இடம் ஏன் கெடுதல் என்பதற்கு நம் வீட்டுக் கொட்டானை நினைத்துக்கொள். ஓலைக் கொட்டானில் அரிசியை வாய் வரை நிரப்பினால் எப்படிச் சாய்த்தாலும் இருந்த இடத்தில் இருக்கும். கால் கொட்டான் அரிசி போட்டுச் சாய்த்தால் எல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும். தோட்டாவிலும் அதேதான். மருந்து பின்பக்கம், முதல் தீப்பொறி கொடுக்கிற பிரைமர் ஓரமாகக் கிடந்தால் தீ உடனே பிடிக்கும். முன்பக்கம் குண்டு ஓரமாக ஓடிவிட்டிருந்தால் தீ தேடிப் போய்ப் பிடிக்க வேண்டும். ஒரே நிறை, ஒரே குண்டு, ஆனால் வேகம் வேறு.

நான் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறேன். .45 கோல்ட்டில், கூட்டின் கால் பங்குகூட நிரப்பாத ஒரு வேகமான மருந்து. முதல் ஐந்தைச் சுடுவதற்கு முன் குழலை வானத்தைப் பார்த்து நிமிர்த்தி, மெதுவாகக் கீழே கொண்டுவந்து சுட்டேன். அடுத்த ஐந்தை, குழலைத் தரையைப் பார்த்துச் சாய்த்து, மெதுவாக உயர்த்திச் சுட்டேன். வேகமானியில் இரண்டுக்கும் நொடிக்கு நூறு அடிக்கு மேல் வித்தியாசம் வந்தது. கூட்டை நன்றாக நிரப்புகிற மருந்தைப் போட்டுச் சுட்டபோது வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்தது. நீ எந்த மருந்து வாங்கினாலும் முதல் நாளே இந்தச் சோதனையைச் செய். பத்துத் தோட்டா செலவு, அவ்வளவுதான்.

ஆனால் காலி இடத்தில் எனக்கு அதிகப் பயம் இதனால் இல்லை. அந்த இடத்தில் இரண்டாவது அளவு மருந்தும் தாராளமாக உட்காரும் என்பதால்.

நடந்ததைச் சொல்கிறேன். ஒரு குளிர்காலச் சனிக்கிழமை ராத்திரி, நிலவறையில் .45 கோல்ட் ஐம்பது நிரப்பிக்கொண்டிருந்தேன். மரப்பலகையில் ஐம்பது குழி, ஐம்பது கூடு. மேலே சொன்ன அதே வேகமான மருந்து. பாதியில் ஊரிலிருந்து போன். வளவு வீட்டின் இரண்டாம் கட்டில் ஓடு சரிந்து மழை இறங்குகிறது, பங்காளிகள் கூடியிருக்கிறார்கள், உன் பங்குக்கு என்ன சொல்கிறாய் என்று கேட்டார்கள். இருபது நிமிஷம் பேசினேன். மனசெல்லாம் அந்த ஓட்டில் இருந்தது. திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். ஐம்பதுக்கும் குண்டை வைத்து அழுத்தி முடித்தேன். டப்பாவை எடுத்து வைக்கும்போதுதான், விட்ட இடம் எது என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை என்பது உறைத்தது.

நிரப்பிய தோட்டாக்களை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தேன். பிரயோஜனம் இல்லை. பித்தளைக் கூடுகளுக்குள்ளேயும் ஈயக்குண்டுகளுக்குள்ளேயும் இருக்கிற நிறை வித்தியாசமே நான் போட்ட மருந்தின் நிறை அளவுக்கு இருந்தது. தராசு ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் குண்டு பிடுங்குகிற சுத்தியலை எடுத்தேன். தோட்டாவை அதன் தலைக்குள் மாட்டித் தரையில் ஓங்கித் தட்டினால் குண்டும் மருந்தும் கழன்று உள்ளே விழும். ஐம்பதையும் தட்டினேன். விடிகிற நேரம் ஆகிவிட்டது. முப்பத்தொன்றாவது தோட்டாவில் இரண்டு அளவு மருந்து இருந்தது. கிண்ணத்தில் கொட்டியபோது மற்றதைவிடச் சின்னக் குவியல் ஒன்று கூடுதல், அவ்வளவுதான். கண்ணுக்கு அது ஒரு சிட்டிகை. ரிவால்வரின் உருளைக்கு அதுவே முடிவாக இருந்திருக்கும்.

அன்றைக்கு எடுத்த முடிவு இன்றுவரை மாறவில்லை. பழைய, பெரிய கூடுகளுக்கு, இரண்டு அளவு போட்டால் வாயைத் தாண்டி வெளியே வழிகிற மருந்தைத்தான் தேர்ந்தெடுப்பேன். கொஞ்சம் விலை கூடினாலும், கொஞ்சம் அழுக்குக் கூடினாலும் சரி.

இனி மருந்துகளின் பெயருக்கு வருகிறேன்.

ட்ரெயில் பாஸ் என்று ஒரு மருந்து. ஆஸ்திரேலியாவில் செய்து அமெரிக்காவில் ஹாட்ஜ்டன் கம்பெனி விற்றது. சின்னச் சின்ன வடை மாதிரி நடுவில் துளை வைத்த வட்டங்கள். நிறை குறைவு, பருமன் அதிகம். பழைய ரிவால்வர் தோட்டாக்களுக்கென்றே பிறந்த மருந்து. அதை ஒருபோதும் அழுத்தி நிரப்பக்கூடாது; அந்த வட்டங்கள் நொறுங்கினால் எரிகிற சுபாவம் மாறிவிடும். சில வருஷங்களாகக் கடைகளில் கிடைப்பதில்லை. கிடைத்தால் விடாதே. யாராவது திறந்த டப்பாவை விற்றால் மட்டும் வாங்காதே. டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்கும் உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கும் திறந்துவிட்ட பிறகு உத்தரவாதம் இல்லை.

யூனிக் நூறு வருஷத்துக்கு மேல் பழைய மருந்து. தட்டை தட்டையான செதில்கள். மற்ற ரிவால்வர் மருந்துகளைவிடக் கூட்டில் கொஞ்சம் உயரமாக நிற்கும். பெரும்பாலான அட்டவணைகளில் இருக்கும். ஆனால் .45 கோல்ட்டில் இரண்டு அளவும் உள்ளே போய்விடும். யூனிக் போடுகிறவன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்க்காமல் குண்டு வைக்கக்கூடாது.

ரைபிள்களுக்கு, அதிலும் .45-70 மாதிரிப் பெரிய கூடுகளுக்கு, எனக்குப் பிடித்தது அக்யூரேட் 5744. குச்சி குச்சியாக இருக்கும். கூட்டை முழுக்க நிரப்பாது, ஆனாலும் முன்னே கிடந்தாலும் பின்னே கிடந்தாலும் பெரிதாகக் கோபித்துக்கொள்ளாது. சுட்டதும் குழலில் எரியாத குச்சிகள் கொஞ்சம் மிஞ்சும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதன் வழக்கம் அது. அளவைக் குறைத்துப் போடுவதற்கு ஹாட்ஜ்டனின் எச் 4895 நல்லது. அதிகபட்ச அளவின் 60 சதவீதத்துக்குக் கீழே போகாமல் குறைக்கலாம் என்று கம்பெனியே சொல்கிறது.

இந்த 60 சதவீதத்தைப் பார்த்துவிட்டு எல்லா மருந்தையும் குறைத்துப் போடலாம் என்று நினைத்துவிடக்கூடாது. எச் 110 மாதிரி மருந்துகளைக் கணிசமாகக் குறைக்காதே என்று அதே கம்பெனி எச்சரிக்கிறது. மெதுவாக எரிகிற ரைபிள் மருந்தைப் பெரிய கூட்டில் மிகக் குறைவாகப் போட்டதில் துப்பாக்கிகள் வெடித்துச் சிதறியிருக்கின்றன. கொஞ்சமாகப் போட்டால் பத்திரம் என்கிற நம் சமையல்கட்டு நியாயம் மருந்துக்குப் பொருந்தாது.

காலி இடத்தைப் பஞ்சு வைத்து அடைக்கிறவர்களும் உண்டு. இதில் நமக்கு ஒரு சொந்தம் இருக்கிறது. பழைய ஆங்கிலேய வேட்டைத் தோட்டாக்களுக்கு அடைப்பாக வைப்பது இலவம் பஞ்சு. நம் தலையணைப் பஞ்சுதான். மருந்தைப் பிரைமர் ஓரமாகப் பிடித்து வைக்கும், எரிந்து போய்விடும். இருந்தாலும் நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. அடைப்பை மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இடைவெளி விட்டு வைத்தால், அதுவே ஒரு தடியாகப் போய்க் குண்டின் அடியில் மோதி அறையில் வளையம் விழ வைத்துவிடும். அடைப்பு தேவைப்படாத மருந்தைத் தேடு.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கார்டைட் சூட்டுக்கு அழுத்தம் கூட்டுகிற மருந்து. அதனால்தான் அந்தக் காலத்தில் இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் என்றே அளவு குறைத்த தோட்டாக்களை இங்கிலாந்தில் தனியாக விற்றார்கள். இன்றைய மருந்துகள் பரவாயில்லை, ஆனாலும் முற்றிலும் சூடு பாதிக்காதவை அல்ல. டெக்சாஸ் வெயில் நம் சித்திரைக்குச் சளைத்ததில்லை. தோட்டாப் பெட்டியைக் காருக்குள் போட்டு மூடிவிட்டுப் போகாதே. மருந்து டப்பாவை வீட்டில் குளிர்ச்சியான, காய்ந்த இடத்தில், அதன் சொந்த டப்பாவிலேயே வை. திறக்கும்போது நெடி மூக்கில் ஏறினாலோ, செம்மண் நிறத்தில் தூசியோ புகையோ தெரிந்தாலோ மருந்து கெட்டுவிட்டது என்று அர்த்தம். அதை வைத்திருக்கவும் கூடாது.

இன்னொன்று. ஊரில் என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள், பக்கத்தில்தானே சிவகாசி, அந்த மருந்தையே போட்டால் என்ன என்று. வேட்டில் இருக்கிற அலுமினியப் பொடி கலந்த மருந்து எதையும் தள்ளுவதற்காகச் செய்ததில்லை, பட்டென்று வெடிப்பதற்காகச் செய்தது. குண்டு நகர்வதற்கு முன்பே துப்பாக்கி பிளந்துவிடும். இது ஆளைக் கொல்கிற யோசனை, தயவுசெய்து யாரும் நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம்.

சரி, உன் இரண்டு துப்பாக்கிக்கு வருகிறேன்.

ரிவால்வர் புதிது. இன்றைய எஃகு. .45 கோல்ட்டுக்கு அமெரிக்கத் தரநிலை சதுர அங்குலத்துக்கு 14,000 பவுண்டு அழுத்தம். அந்த வரம்புக்குள் ட்ரெயில் பாஸ் கிடைத்தால் அது, இல்லாவிட்டால் டார்ச் வெளிச்சத்தோடு யூனிக். பழைய அசல் கோல்ட் ஒன்று பின்னால் உன் கைக்கு வந்தால் கதை வேறு. கோல்ட் கம்பெனி தன் ரிவால்வர்களைப் புகையில்லா மருந்துக்கு உத்தரவாதம் கொடுத்து விற்கத் தொடங்கியது 1900இல்தான். அச்சுக் கம்பியைப் பிடிக்கிற திருகு முன்பக்கம் இருந்தால் கரிமருந்துக் காலம், குறுக்கே ஸ்பிரிங் தாழ் இருந்தால் புதுசு என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். அந்தத் தாழ் 1900க்கு முன்பே வந்துவிட்டது. தாழை நம்பாதே, நம்பரைப் பார்.

வின்செஸ்டருக்கு என் பதில் ஒன்றே ஒன்று. கரிமருந்து. வேறு எதுவும் வேண்டாம். 1873 மாடலில் பூட்டு என்பது முழங்கால் மாதிரி மடங்கி நிமிர்கிற இரண்டு இணைப்புக் கட்டைகள். அழகான வேலைப்பாடு, ஆனால் பலம் குறைவு. பிற்பாடு 1892 மாடலுக்காகக் கம்பெனியே வேகம் கூட்டிய .44-40 தோட்டாக்கள் விற்றபோது, 1873இல் போடாதீர்கள் என்று எச்சரித்துத்தான் விற்றது. புகையில்லா மருந்தில் 1873க்கு ஏற்ற மென்மையான அளவுகள் அட்டவணைகளில் இருக்கின்றன, பலர் சுடுகிறார்கள், எனக்குத் தெரியும். ஆனால் உன் துப்பாக்கி 140 வருஷப் பழையது. அதற்குள் யார் யார் என்னென்ன போட்டுச் சுட்டார்கள் என்று உனக்குத் தெரியாது. எந்த மருந்துக்காகச் செய்தார்களோ அதைப் போடுவதுதான் அந்த இரும்புக்கு நாம் கொடுக்கிற மரியாதை.

கரிமருந்து டப்பாவில் எஃப் எழுத்து எத்தனை இருக்கிறதோ அத்தனை நைசு. இரண்டு எஃப் ரைபிளுக்கு, மூன்று எஃப் ரிவால்வருக்கு என்பது பொது வழக்கம். நீ இரண்டு எஃப்பில் தொடங்கு. உன் கூட்டில் 40 கிரெய்ன் பிடிக்கவில்லை என்றால் கவலைப்படாதே. இன்றைய கூடுகளின் அடி அந்தக் காலத்ததைவிடத் தடிப்பு, அதனால் உள்ளே இடம் குறைவு. குண்டு உட்காரும்போது மருந்தை இலேசாக அழுத்த வேண்டும், அந்த அளவு போதும். குண்டு மென்மையான ஈயமாக இருக்கட்டும். அதற்குப் பூசுகிற மசகில் பெட்ரோலிய எண்ணெய் வேண்டாம், கரிமருந்துப் புகையோடு சேர்ந்து தார் மாதிரி இறுகிவிடும். நான் தேன்மெழுகையும் ஆலிவ் எண்ணெயையும் உருக்கிக் கலந்துகொள்வேன்.

சுட்டு முடித்த அன்றைக்கே கழுவ வேண்டும், மறுநாள் என்று வைக்காதே. மிஞ்சுகிற கரி காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், ஒரே ராத்திரியில் துருப்பிடித்துவிடும். வெந்நீரும் சோப்பும் போதும். கழுவி, துடைத்து, காய்ந்த பிறகு எண்ணெய். .44-40இன் வாய்ப்பித்தளை மெல்லியது, சுடும்போது விரிந்து அறையை இறுக அடைத்துக்கொள்ளும். அதனால் கரி பின்பக்கம் பூட்டுக்குள் அதிகம் போகாது; குழலை மட்டும் கழுவினால் பெரும்பாலும் தீர்ந்தது. கூடுகளையும் அன்றைக்கே சோப்புத் தண்ணீரில் போட்டுவிடு, இல்லாவிட்டால் பித்தளை பச்சை பூத்துவிடும்.

இதையெல்லாம் எழுதி முடிப்பதற்குள் அவனே மறுபடி கூப்பிட்டுவிட்டான். துப்பாக்கியைப் பழுது பார்க்கிற ஒருவரிடம் காட்டியிருக்கிறான். பூட்டுக் கட்டைகளில் தேய்மானம் குறைவு, சுடலாம் என்று அவர் சொன்னாராம். நான் கேட்டது இன்னொன்று: மென்மையான ஈய உருண்டை ஒன்றைக் குழலுக்குள் தட்டி விட்டு, மறுபக்கம் வந்ததும் மைக்ரோமீட்டரில் அளந்து சொல். .44-40க்குச் சொல்லப்படுகிற குண்டு விட்டம் .427 அங்குலம், ஆனால் அந்தக் காலத்து வின்செஸ்டர் குழல்கள் ஒன்றுக்கொன்று வேறுபடும். அவனுடையது .429 வந்திருக்கிறது. அப்படியானால் .427 அச்சில் வார்த்த குண்டு அதில் தளரும், ஓரமாக வாயு ஒழுகும், ஈயம் குழலில் ஒட்டும். பெரிய குண்டை வைத்தால் கூட்டின் வாய் விரியும், அறைக்குள் போகுமா என்று பார்க்க வேண்டும். மருந்து போடாமல், பிரைமர் இல்லாத வெறுங்கூட்டில் .429 குண்டை வைத்து அறையில் நுழைகிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றான். சனிக்கிழமை கூப்பிடுவான்.